பேய்த்தேர் ஓடும் பெருவழி

முதலில் தெரிவது ஒரு குளம். தார்ச்சாலை நேராகப் போய் அதற்குள் இறங்குகிறது. குளத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி மிதக்கிறது. நெளிகிறது, இரண்டாகப் பிரிகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. பிறகு சக்கரமே இல்லாத ஒரு பெட்டி தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் தொங்கியபடி உங்களை நோக்கி வருகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் குளம் வற்றிவிடும். பெட்டிக்குச் சக்கரம் முளைக்கும். மூன்று டிரெய்லர்களை வரிசையாக இழுத்துக்கொண்டு ஒரு லாரி, உங்கள் கேம்பர் வேனை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுத் தாண்டிப் போகும்.

கானல்நீருக்கு நம் பழைய புலவர்கள் பேய்த்தேர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலையில் அந்தச் சொல் உவமையாக இல்லாமல் நேர்ப்பொருளிலேயே பொருந்திவிடுகிறது. தார்ப் பரப்பை ஒட்டிய காற்று கொதித்து அடர்த்தி குறைகிறது. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி அந்தச் சூடான அடுக்கைத் தொட்டதும் வளைந்து மேலே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. தண்ணீர் என்று நாம் நினைப்பது தரையில் விழுந்து கிடக்கும் வானத்துண்டு. லாரியின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் ஒளியோ நம் கண்ணுக்கு எட்டாதபடி வளைந்து போய்விடுகிறது. அதனால்தான் தேருக்குச் சக்கரம் தெரிவதில்லை.

அந்த லாரிக்கு அங்கே ரோடு டிரெயின் என்று பெயர். 53.5 மீட்டர் நீளம் வரை அனுமதி உண்டு. எடை நூறு டன்னைத் தாண்டும். தனியாக வண்டி ஓட்டுபவருக்கு இந்த நீளம் ஒரு கணக்குப் பாடம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் ரோடு டிரெயினை நீங்கள் 120-இல் முந்தப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டிக்கும் வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். அதன் நீளம், உங்கள் வண்டியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 140 மீட்டர் என்றால், எதிர்ப்பாதையில் 25 நொடி ஓடியாகவேண்டும். அதற்குள் 800 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் காலிச் சாலை வேண்டும். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில்தான் பேய்த்தேர் ஓடிக்கொண்டிருக்கிறது. காலியாக இருக்கிறதா இல்லையா என்று கண் சொல்வதை நம்பமுடியாது. அனுபவசாலிகள் வண்டியிலுள்ள ரேடியோவை 40-ஆம் சேனலில் வைத்து லாரி ஓட்டுநரையே கேட்டுவிடுகிறார்கள். அவர் உயரத்திலிருந்து பார்ப்பவர். கண்ணின் உயரம் கூடக் கூடக் கானல் தள்ளிப் போகும்.

சாலையின் பெயர் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. தெற்கே போர்ட் அகஸ்டாவில் தொடங்கி வடக்கே டார்வினில் கடலைத் தொடும்; ஏறக்குறைய 2,700 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து டெல்லி போவதைப் போல. வித்தியாசம் என்னவென்றால், கன்னியாகுமரி–டெல்லி வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு டீக்கடை வரும். இங்கே கிளெண்டாம்போ என்ற இடத்தில் டீசல் போட மறந்தால், அடுத்த பம்பு கூபர் பீடியில். இடையில் சுமார் 250 கி.மீ. வெறும் நிலம். வடக்கு மாநிலப்பகுதியான நார்தர்ன் டெரிட்டரி தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பரப்பு. மக்கள் தொகை இரண்டரை லட்சத்தை ஒட்டி. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். அன்றைய நாளின் உரையாடல் சில சமயம் அவ்வளவுதான்.

ஊர்கள் இந்த இடைவெளியில் அமைந்ததற்கு ஒரு மின்சாரக் காரணம் உண்டு. 1862-இல் ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் கண்டத்தின் நடுவே தெற்கிலிருந்து வடகடல் வரை போய்த் திரும்பினார். அவர் தடத்தை ஒட்டிச் சார்லஸ் டாட் என்பவர் தலைமையில் ஒரு தந்திக் கம்பியை இழுத்தார்கள், 3,000 கி.மீ.க்கும் மேல், சுமார் 36,000 கம்பங்கள், 1872-இல் வேலை முடிந்தது. கம்பிக்குள் போகப் போகத் தந்திச் சைகை நைந்துவிடும். எனவே இருநூறு முந்நூறு கி.மீ.க்கு ஒரு நிலையம் கட்டி, வந்த செய்தியைக் காதால் கேட்டு அடுத்த நிலையத்துக்கு மறுபடி தட்டி அனுப்ப ஆட்களை உட்காரவைத்தார்கள். டெனன்ட் கிரீக், பாரோ கிரீக், கேத்தரின் எல்லாம் அப்படி முளைத்த இடங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸும் அப்படித்தான். டாட்டின் மனைவி ஆலிஸின் பெயர். ஒரு சைகை களைத்துப்போகும் தூரத்தில் நட்ட புள்ளிகளில் இன்று நீங்கள் களைத்துப்போய் டீசலுக்கும் காபிக்கும் நிற்கிறீர்கள்.

சரி, இந்த வெறுமை ஏன்? மழை குறைவு என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி வயது.

நிலம் இளமையாக இருக்க யாராவது அதைக் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். எரிமலை புதுச் சாம்பலைக் கொட்டவேண்டும், பனியாறு பாறையை அரைத்து மாவாக்கவேண்டும், மலை எழும்பி ஆறுகள் வண்டலைச் சுமக்கவேண்டும். தென்னிந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் துண்டுகள். பிரிந்த பிறகு இந்தியா ஆசியாவில் மோதி இமயத்தை எழுப்பியது; கங்கைச் சமவெளிக்குப் புது மண் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலோ கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்து பெய்து மண்ணின் பாஸ்பரஸைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மலைகள் தேய்ந்து தரையாகின. கண்டங்களில் மிகத் தாழ்ந்தது இதுதான். சராசரி உயரம் சுமார் 330 மீட்டர். கண்ணாடிக்கு வெளியே நாள் முழுக்க மாறாத அந்தத் தட்டைக்கோடு, தேய்ந்து முடிந்த மலைகளின் கோடு.

சிவப்பும் அதே வயதின் நிறம். மணலின் ஒவ்வொரு துகளும் உள்ளே வெள்ளைக் குவார்ட்ஸ்தான். மேலே இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. தூத்துக்குடித் தேரிக்காட்டுக்குப் போனவர்களுக்கு இந்தச் சிவப்பு புதிதல்ல. அங்கே சில ஊர்களின் புறத்தில் இருப்பது இங்கே ஆயிரம் கிலோமீட்டர் தொடர்கிறது. வண்டியின் கதவு இடுக்கு, பல் துலக்கும் பிரஷ், சட்டைக் காலர் என எல்லாவற்றிலும் ஏறுகிறது.

பாலை என்று தனியே ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு ஆவதே பாலை என்பது நம் மரபு. பாலைவனமே இல்லாத நாட்டில் சொன்ன கருத்து. புவியியல் பாடத்தில் அதைச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுவது கூபர் பீடியில்தான்.

1844-இல் சார்லஸ் ஸ்டர்ட் என்ற பயணி அடிலெய்டிலிருந்து கண்டத்தின் உள்ளே புறப்பட்டபோது ஒரு படகைச் சுமந்து சென்றார். நடுவே ஓர் உள்நாட்டுக் கடல் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. கிடைத்தது கல் பாலையும் மணல்மேடுகளும். அந்தக் குழுவில் வரைபடம் வரைந்தவர்தான் பின்னாளில் சாலைக்குப் பெயர் கொடுத்த ஸ்டூவர்ட். ஸ்டர்ட்டைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர் தேடிய கடல் உண்மையிலேயே இருந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் காலத்தில், இந்த நிலத்தின் பெரும்பகுதி ஆழமற்ற ஒரு கடலுக்கு அடியில் கிடந்தது. இன்று அதை எரோமங்கா கடல் என்கிறார்கள். மனிதர் போனது கொஞ்சம் தாமதம்.

கடல் வற்றியபின் அதன் சேறு பாறையாகி, மெல்லச் சிதைந்தது. சிதைவில் கரைந்த சிலிக்கா, நீரோடு வெடிப்புகளுக்குள் இறங்கி உறைந்தது. அதுதான் ஓப்பல். 1915-இல் தங்கம் தேடி வந்த ஒரு சிறு கூட்டத்தில் வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன் இருந்தான். கூட்டத்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை. பையன் தரையிலிருந்து ஓப்பல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அதிலிருந்து ஓர் ஊர் பிறந்தது. பழங்குடி மொழியிலிருந்து வந்த கூபர் பீடி என்ற பெயருக்கு ‘வெள்ளைக்காரனின் வளை’ என்று பொருள் சொல்வார்கள். கோடையில் வெளியே 45 டிகிரி. மணற்கல்லைக் குடைந்து கட்டிய வீட்டுக்குள் குளிர்சாதனம் இல்லாமலே ஆண்டு முழுக்க இருபத்துச் சொச்சம் டிகிரி. கல் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். சில மீட்டர் ஆழத்துக்குக் கோடை போய்ச் சேர்வதற்குள் மேலே குளிர்காலம் வந்துவிடுகிறது. இரண்டும் உள்ளே சந்தித்துச் சமாதானமாகிவிடுகின்றன. வீடு மட்டுமல்ல, தேவாலயமும் தரைக்கடியில் உண்டு. ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கான குழிகள் மூடாமல் கிடக்கின்றன. படமெடுக்கப் பின்னால் நடக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பின்னால் நடந்தவர்கள் இருந்திருக்கவேண்டும்.

ஓப்பலின் நிறத்துக்கு நிறமி கிடையாது என்பதுதான் ஆச்சரியம். 1960-களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது உள்ளே சிலிக்கா உருண்டைகள் தெரிந்தன. கடைக்காரர் ஆரஞ்சுப் பழங்களை அடுக்குவாரே, அதைப் போல ஒரே அளவு உருண்டைகள், வரிசை பிசகாமல். ஒவ்வோர் உருண்டையும் ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் 150 முதல் 300 பங்கு அளவு. உருண்டைகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதால், அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியில் சில நிறங்கள் ஒன்றையொன்று வலுவாக்குகின்றன, மற்றவை அழிந்துபோகின்றன. சிறிய உருண்டை நீலம் தரும். பெரியது சிவப்பு தரும். பெரிய உருண்டைகள் ஒழுங்காக அடுக்குவது அரிது என்பதால் சிவப்பு ஓப்பலுக்கு விலை அதிகம். உருண்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் நிறமே இல்லை. சுரங்கக்காரர்கள் அதைப் பாட்ச் என்று சொல்லிக் குப்பையில் வீசுவார்கள். ஒரே பொருள், ஒரே நிலம். அடுக்கிய விதத்தில் ஒன்று நகைக்கடைக்கும் ஒன்று குப்பைமேட்டுக்கும் போகிறது. அந்தக் குப்பைமேட்டைச் சலித்து, கண் தப்பிய துண்டுகளைத் தேடுவதற்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு: நூட்லிங்.

கூபர் பீடியிலிருந்து கிழக்கே வில்லியம் கிரீக்குக்கு ஒரு மண்சாலை பிரிகிறது. அந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் மக்கள். நெடுஞ்சாலையோடு போய்விடலாம்; ஆனால் இந்தப் பக்கம் திரும்பாதவர் பாதிக் கதையை விட்டுவிட்டார் என்பேன். ஸ்டெப்னி இரண்டு இருக்கட்டும், தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக்கூடாது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் விதி. வெயிலில் நடப்பவர் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கும். மேலிருந்து தேடுபவர்களுக்கு வேன் தெரியும், ஆள் தெரியமாட்டார்.

மண்சாலையில் ஏறிய பத்தாவது நிமிடம் வண்டிக்குள் உள்ளதெல்லாம் பேசத் தொடங்கும். தட்டு, கரண்டி, அலமாரிக் கதவு, உங்கள் பற்கள். சாலை முழுக்கத் தகரக்கூரையைப் போல வரிவரியாக நெளிவு. லாரிகள் கெடுத்துவிட்டன, டயர் சரியில்லை, ஸ்பிரிங் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 2007-இல் மூன்று இயற்பியலாளர்கள் வட்டமான மணல் தடத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் நெளிவு வந்தது. மணலுக்குப் பதில் வேறு பொடியைப் போட்டாலும் வந்தது. சக்கரமே சுற்றாமல் வெறும் பலகையை இழுத்தாலும் வந்தது. தேவைப்பட்டது ஒன்றுதான்: குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டவேண்டும். அதற்குக் கீழே தரை சமமாகவே இருக்கும். ஆனால் அது பொறுமைசாலிகள்கூட ஓட்டமுடியாத நத்தை வேகம். சின்ன மேட்டில் ஏறிய சக்கரம் லேசாக எம்பி அப்பால் விழுகிறது. விழுந்த இடத்தில் மண்ணை முன்னே தள்ளி அடுத்த மேட்டைக் கட்டுகிறது. போன வண்டி உங்களுக்கு வைத்த மேட்டை நீங்கள் பின்னால் வருபவருக்கு வளர்த்துக் கொடுக்கிறீர்கள். டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மேட்டுக்கு மேடு தாவும் வேகத்தில் போய்விடுவது உள்ளூர் வழக்கம். ஆட்டம் குறையும், ஆனால் டயர் தரையைத் தொடும் நேரமும் குறைவதால் வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த உலுக்கலின் முடிவில் ஊற்று இருக்கிறது. புல்பூண்டற்ற உப்புத்தரையில் ஒரு மேடு. மேட்டின் உச்சியில் ஒரு குட்டை. குட்டையின் நடுவே மணல் குமுறிக் குமுறித் தண்ணீர் வருகிறது. பப்ளர் என்று பெயர். கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு, தரைக்கடியில் நீர்ப்பாறை விரிந்து கிடக்கிறது: கிரேட் ஆர்ட்டீசியன் பேசின். அந்தப் பழைய கடல் படிவித்த களிப்பாறை அதற்கு மூடி. கிழக்கே குவீன்ஸ்லாந்து மலைச்சரிவுகளில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற கணக்கில் மேற்கே ஊர்கிறது. மேலே மூடி, பின்னால் உயரம்; ஆகவே உள்ளே அழுத்தம். ஓட்டை கிடைத்தால் நீர் தானாகவே எழும்பும். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியிலிருந்து நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்களே, அதுவும் இதே வகை அழுத்தம்தான்.

அந்த நீர் எப்போது பெய்த மழை என்று கணக்கிட ஒரு கடிகாரம் உண்டு. வானத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதுவதால் குளோரின்-36 என்ற கதிரியக்க அணு மிகச் சிறிதளவு உருவாகி மழையோடு இறங்குகிறது. தரைக்கடியில் போனபின் புதிதாக அது சேர்வது மிகக் குறைவு. இருப்பது சுமார் மூன்று லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. மிச்சத்தை எண்ணினால் வயது தெரியும். படுகையின் இந்த ஓரத்தில் சில இடங்களில் அது பத்து லட்சம் ஆண்டையும் தாண்டுகிறது. அதாவது நம் இனம் பூமியில் தோன்றுவதற்கு முன் பெய்த மழை இப்போதுதான் வெளியே வந்து உங்கள் கால்விரலைத் தொடுகிறது. ஸ்டர்ட் படகைத் தூக்கிக்கொண்டு தாகத்தோடு நடந்தபோது அவர் குழு கடந்த நிலத்தின் பெரும்பகுதிக்கு அடியில் இந்த நீர் ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டூவர்ட் ஊற்றுக்கு ஊற்று தாவிப் போனதால்தான் பிழைத்தார்; பழைய ரயில் பாதையும் இந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டே போனது. அந்த ஊற்றுகள் எங்கே என்பது அவருக்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. வெறும் நிலம் என்பது வெளியாள் வைத்த பெயர்.

மாலை நான்கு மணிக்கு மேல் வண்டியை ஓரங்கட்டிவிடவேண்டும். வாடகை வேன்களின் ஒப்பந்தத்திலேயே இரவில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். காரணம் கங்காரு. தார்ச்சாலையில் விழும் பனியும் மழையும் ஓரத்துக்கு வழிவதால் சாலையோரப் புல் மட்டும் கொஞ்சம் பச்சையாக இருக்கும். அந்திக்கு மேயும் பிராணி அதைத் தேடித்தான் வரும். 1973-இல் டாசன், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சிவப்புக் கங்காருவை டிரெட்மில்லில் ஓடவிட்டு மூச்சை அளந்தார்கள். நம்மைப் போன்ற பிராணிகளுக்கு வேகம் கூடக் கூட ஆக்சிஜன் செலவு ஏறும். கங்காருவுக்குத் துள்ளத் தொடங்கியபின் வேகம் கூடியும் செலவு ஏறவில்லை. பின்னங்கால் தசைநார்கள் ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் ரப்பரைப் போல இழுபட்டு அந்தச் சக்தியை அடுத்த துள்ளலுக்குத் திருப்பித் தருகின்றன. புல் எங்கோ ஓரிடத்தில்தான் முளைக்கும் என்ற நாட்டில் தூரத்தை மலிவாக்கிக்கொண்ட உடம்பு அது. உங்கள் வேனுக்கு அந்த வசதி இல்லை.

சூரியன் மறைந்ததும் குளிர் வரும் வேகம் புதியவர்களைத் திகைக்கவைக்கும். ஜூலை இரவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் தரையில் உறைபனி படிவது உண்டு. காற்றில் ஈரமும் மேகமும் இல்லாததால் பகலில் தரை சேர்த்த வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. வெப்பத்தைத் தடுக்காத அந்த வானம் ஒளியையும் தடுப்பதில்லை. பால்வீதியின் மையம் தலைக்கு மேலே நிற்கும். நாம் நட்சத்திரங்களைக் கோடுபோட்டு இணைத்து உருவம் பார்ப்பவர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பலர் நட்சத்திரம் இல்லாத இடத்தில் உருவம் பார்த்தார்கள். தெற்குச் சிலுவைக்கு அருகே உள்ள கரும்புள்ளி ஈமு பறவையின் தலை. அதிலிருந்து பால்வீதியூடே இறங்கும் இருட்பட்டை கழுத்தும் உடலும். அவை தூசு மேகங்கள்; பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைக்கின்றன. ஈமு வானில் நிற்கும் வாக்கை வைத்து அது முட்டையிடும் பருவத்தைக் கணித்தவர்கள் உண்டு. ஒருமுறை அந்த ஈமுவைப் பார்த்துவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்கமுடியாது.

உலூருவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்; நெடுஞ்சாலையிலிருந்து 250 கி.மீ. விலகிப் போகவேண்டும். போனால், 348 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிவப்புக் குன்றின் உட்புறம் சாம்பல் நிறம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், சிவப்பு துரு. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற ஒரு மலைத்தொடர் கரைந்து விழுந்த மணல்தான் அது. பிறகு அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாகப் புரண்டுவிட்டன. நிலத்தின் உரிமையாளரான அனங்கு மக்களின் விருப்பப்படி 2019 அக்டோபர் முதல் யாரும் ஏறுவதில்லை.

எனக்குப் பிடித்த கல் இன்னும் வடக்கே, டெனன்ட் கிரீக்குக்குச் சுமார் 100 கி.மீ. தெற்கே இருக்கிறது. கார்லு கார்லு. யாரோ விளையாடிவிட்டுப் போட்டதைப் போலப் பெரும் கருங்கல் உருண்டைகள், ஒன்றின்மேல் ஒன்று. யாரும் உருட்டவில்லை. தரைக்கடியில் கிடந்தபோதே பாறை சதுரச் சதுரமாக வெடித்தது. வெடிப்பில் இறங்கிய நீர் மூலைகளை மூன்று பக்கமும் தின்றது, விளிம்பை இரண்டு பக்கம், முகத்தை ஒரு பக்கம். மூலை முதலில் போனால் சதுரம் உருண்டையாகும். கல்கண்டு வாயில் கரைவதைப் போல. பறக்கும் மருத்துவர் சேவையை 1928-இல் தொடங்கிய ஜான் ஃபிளின் இறந்தபின், இதில் ஒரு கல்லைத் தூக்கிப்போய் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவர் கல்லறைமேல் வைத்தார்கள். நல்ல மனிதர், நல்ல நோக்கம். ஆனால் கல் அதன் மக்களுக்குப் புனிதமானது, கேட்காமல் எடுத்தது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 1999-இல் அது வீடு திரும்பியது. கல்லறைக்கு வேறொரு கல்லை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியின் அரெண்டே மக்கள் கொடுத்தார்கள். அந்த மருத்துவ விமானம் இறங்குவதற்காகத் தெற்கே நெடுஞ்சாலையிலேயே சில இடங்களில் ஓடுதளக் கோடுகள் போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

வடக்கே போகப் போகச் சாலையோரம் புற்றுகள் தொடங்கும். முதலில் முழங்கால் உயரம், பிறகு ஆள் உயரம். யாரோ ஒரு புற்றுக்குச் சட்டை மாட்டி, தொப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு பத்துப் புற்றுக்கு ஒன்று உடுத்தி நிற்கும். தனியாக ஓட்டுபவர் இரண்டாம் நாளில் அவற்றுக்கு வணக்கம் சொல்லத் தொடங்கிவிடுவதாகக் கேள்வி.

ஏன் இத்தனை கறையான்? மறுபடி அந்த வயதுக்குத்தான் வரவேண்டும். சத்து போன மண்ணில் முளைப்பது ஊசிபோன்ற ஸ்பினிஃபெக்ஸ் புல். (நம் கடற்கரை இராவணன் மீசைக்குத்தான் தாவரவியலில் ஸ்பினிஃபெக்ஸ் என்று பெயர்; ஆஸ்திரேலியர்கள் அந்தப் பெயரைச் சம்பந்தமில்லாத ட்ரையோடியா என்ற புல்லுக்குச் சூட்டிவிட்டார்கள்.) நார் அதிகம், புரதம் அற்பம், மாடோ மானோ இதைத் தின்று பெருக முடியாது. கறையானின் குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. வெயில் காலத்தில் தரைக்கடியில் காத்திருக்கவும் தெரியும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் மான்கூட்டம் செய்யும் வேலையை இங்கே கறையான் செய்கிறது. மேய்வது கறையான் என்றால் வேட்டையாடுவது யார்? ஓணானும் அரணையும். எரிக் பியான்கா என்ற சூழலியலாளர் மூன்று கண்டங்களின் பாலைகளில் பல்லியினங்களை எண்ணினார். வட அமெரிக்காவில் ஓரிடத்தில் பத்து இனங்களைத் தாண்டுவது அரிது. ஆஸ்திரேலியாவின் ஸ்பினிஃபெக்ஸ் நிலத்தில் சில இடங்களில் நாற்பது.

அவற்றில் ஒன்றை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் சாலையிலேயே பார்க்கலாம்: உடம்பெல்லாம் முள்ளான தார்னி டெவில். எறும்பை மட்டும் தின்னும் அதன் வாய், தண்ணீரை நக்கிக் குடிக்கத் தகுந்ததல்ல. அது ஈரமணலில் நின்றாலே போதும். செதில்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வாய்க்கால்கள், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல நீரைத் தாமாகவே ஏற்றி வாயோரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்; அது வாயை அசைத்து விழுங்கிக்கொள்ளும். ஈரமணலை முதுகில் வாரிப் போட்டுக்கொள்வதையும் பார்த்திருக்கிறார்கள்.

டார்வினை நெருங்கும்போது லிட்ச்ஃபீல்டு காட்டில் புற்றுகள் உருவம் மாறுகின்றன. கல்லறைக் கற்களைப் போல மெல்லிய தகடுகள், ஆள் உயரத்துக்கு மேல், எல்லாம் ஒரே திசையில்: மெல்லிய விளிம்பு வடக்கு தெற்காக, அகன்ற முகம் கிழக்கு மேற்காக. மழைக்காலத்தில் இந்தச் சமவெளி நீரில் மூழ்கும். மற்றக் கறையான்களைப் போல வெயிலுக்குப் பயந்து தரைக்கடியில் இறங்க முடியாது. காலை வெயில் அகன்ற முகத்தில் பட்டுச் சீக்கிரம் கதகதப்பாகிறது. உச்சி வெயிலுக்கு விளிம்பு மட்டுமே எதிரே நிற்கிறது. புற்றைத் திருப்பி வைத்துப் பார்த்த ஆய்வில் உள்வெப்பம் தாறுமாறானது. கண்ணில்லாத வேலைக்காரக் கறையானுக்குத் திசை எப்படித் தெரியும் என்பதற்குப் புற்றருகே காந்தம் வைத்துப் பார்த்தார்கள். பழுதுபார்க்கும் ஒழுங்கு குலைந்தது. பூமியின் காந்தத்தை அவை உணர்கின்றன.

உங்கள் கைப்பேசியும் வழி சொல்கிறது, ஆனால் ஆஸ்திரேலியாவில் அதற்கு ஒரு சிக்கல் வந்தது. இவ்வளவு தூரம் பழைமை, தேய்வு, அசைவின்மை என்றேன். ஆனால் கண்டங்களைச் சுமக்கும் தட்டுகளில் மிக விரைவாக நகர்வது ஆஸ்திரேலியாவின் தட்டுதான். ஆண்டுக்கு 7 செ.மீ., வடக்கும் சற்றுக் கிழக்குமாக. 1994-இல் நிலத்தோடு பூட்டிய வரைபட ஆயங்கள் 2020-க்குள் செயற்கைக்கோள் சொல்லும் இடத்திலிருந்து 1.8 மீட்டர் விலகிப்போயின. ஆளில்லாமல் ஓடும் வண்டிகளும் டிராக்டர்களும் வரும் காலத்தில் அது பக்கத்துப் பாதைக்குள் போகும் தூரம்; ஆயங்களை மாற்றி எழுதினார்கள். பயணம் பன்னிரண்டு நாள் என்றால், நீங்கள் வடக்கே ஓட்டிய 2,700 கிலோமீட்டரோடு, நிலம் தன் பங்குக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கூட்டிக் கொடுத்திருக்கிறது.

1862 ஜூலையில் வடகடலை எட்டிய ஸ்டூவர்ட், வாக்குக் கொடுத்தபடி அதில் கால் நனைத்து முகம் கழுவினார். டார்வின் கரையில் இன்று முதலை எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. அக்டோபர் முதல் மே வரை பெட்டி ஜெல்லிமீன் பயமும் உண்டு. வேனை நிழலில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் சேர்ந்த சிவப்பு மண்ணைக் கூட்டித் தள்ளலாம். ஒரு முறம் தேறும்.